பன்னிரண்டு மணிக்கு வைத்த தட்டு

கொரோனா வந்த வருடம் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, என்னோடு முன்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்களின் வாட்சாப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டார்கள். நம் உடம்பிலுள்ள ஒரு நொதியின் படம். நுரையீரல், குடல், இதயம் என்று பல இடங்களில் உயிரணுவின் மேல்தோலில் ஊன்றி நிற்கிற நொதி அது. ரத்தக் குழாயை இறுக்குகிற ஒரு சின்னப் புரதத்தின் நுனியை நறுக்கிவிடுவது அதன் வேலை. நறுக்கினால் குழாய் தளரும், அழுத்தம் இறங்கும். அந்த நல்ல பிள்ளையைத்தான் வைரஸ் பிடித்துக்கொண்டு உயிரணுவுக்குள் போகிறதாம். வீட்டு வேலைக்காரனே திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான் என்று குழுவில் ஆளாளுக்கு அங்கலாய்த்தார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. படத்தை ஒழுங்காகப் பார்க்காமல் என்ன பேச்சு? நொதியின் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, நறுக்குகிற வேலை அந்தப் பள்ளத்துக்குள் நடக்கிறது. வைரஸ் அதற்குள் கை விடுவதே இல்லை. வெளி விளிம்பைத்தான் பிடிக்கிறது. நொதி பாவம், தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டு நிற்கிறது. இதையெல்லாம் குழுவில் எழுத ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டேன். ஒரே பொருள் இரண்டு வேலை செய்யும் என்பதை நான் எழுபதுகளின் கடைசியிலேயே கற்றுக்கொண்டவள். நான் பார்த்தது இதற்கு நேர்மாறு: அங்கே பிடிக்கிற கையும் நறுக்குகிற கத்தியும் இரண்டுமே வைரசினுடையவை. அது தெரியாததால் என் அக்காவை ஒரு தோட்டத்து லயமே சேர்ந்து சாமி முன்னால் நிறுத்தும்படி செய்துவிட்டேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு, மலேசியாவில் ஈப்போ நகரத்தில் ஒரு கோழித் தீவனக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனியிடம் தீவனம் வாங்குகிற பண்ணைகளில் கோழி செத்தால் எங்களிடம் கொண்டுவருவார்கள். அறுத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும். எனக்கு மேலே ஒரே ஒரு டாக்டர். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அரசாங்கக் கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களை எல்லாம் 'நீர்' என்றுதான் சொல்வார். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்த 'நீர்' கேட்கப் பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

அக்கா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தாள். அதைத் தோட்டம் என்று சொல்வது பழக்க தோஷம். பழைய கம்பெனி விற்றுவிட்டுப் போய், வாங்கியவன் ரப்பர் மரங்களைத் தள்ளி, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட ஆரம்பித்திருந்தான். பால் வெட்டினவர்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் மட்டும் அவர்களை இருக்க விட்டிருந்தான். அக்கா வீட்டுக்காரர் மரம் ஏற்றுகிற லோரியோடு போனால் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். நாலு வயது மகளை வைத்துக்கொண்டு அக்கா லயத்துக்குப் பின்னால் பலகை அடித்துக் கூண்டு கட்டிக் கோழி வளர்த்தாள்.

அந்தத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் வருடப் பூசைக்கு வீட்டுக்கு ஒரு சேவல் நேர்ந்து விடுவார்கள். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. விலைக்கு வாங்கின சேவலை அன்றைக்கே கொண்டுபோய் வெட்ட முடியாது. ஒரு வாரமாவது நேர்ந்தவர் வீட்டு வாசலில் கட்டிக் கிடந்து, அந்த வீட்டுச் சோற்றைத் தின்று, அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும். அப்போதுதான் அது அந்த வீட்டுச் சேவல். அந்த வருடம் முப்பத்தெட்டு வீடுகளுக்கும் சேவல் கொடுக்கிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். ஆறு மாதமாக அந்தச் சேவல்களைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில் பிரம்புக் கூடையோடு ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். கூடையில் செத்த கோழிகள் இரண்டு.

"பச்சையாப் போவுதுடி. கழிச்சலா இருக்குமோன்னு பயமா இருக்கு," என்றாள்.

"நீ என்ன டாக்டரா? சும்மா இரு லா, பாத்துச் சொல்றேன்," என்றேன்.

கழிச்சல் என்றால் விளையாட்டில்லை. ஒரு கோழிக்கு வந்தால் கூண்டே காலி. பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும், தப்பிப் பிழைத்தது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். வைரசால் வருவது, மருந்து கிடையாது. தடுப்பூசி போட்டிருந்தால் தப்பிக்கலாம், அக்கா போட்டிருக்கவில்லை. எங்களிடம் வருகிற கோழியைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கழிச்சல் என்று தெரிந்தால் டாக்டர் கால்நடை இலாகாவுக்குச் சொல்லிவிடுவார். அவர்கள் வந்து அந்த இடத்திலிருந்து ஒரு கோழியும் வெளியே போகாமல் நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் அக்காவுக்கும் தெரியும்.

"புக்குல எழுதாமப் பாரேன்," என்றாள். "இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும் எனக்கு."

நான் எழுதவில்லை. கூடப் பிறந்தவள் கேட்கிறாள், இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் எதற்குப் படித்தேன் என்று நினைத்தேன். கோழியின் உறுப்புகளை அரைத்துத் தெளிந்த நீரை, கரு வளர்கிற கோழி முட்டைகளுக்குள் செலுத்தினேன். வைரஸ் இருந்தால் அதில் பெருகும். புதன்கிழமை முட்டைக் கரு செத்திருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் செத்த கோழி ஒரு ராத்திரி முழுக்கக் கூடையில் கிடந்து வந்தது, குடலில் இருந்த வேறு கிருமி முட்டையைக் கெடுத்திருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முட்டையை உடைத்து நீரை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை அதைச் சோதிக்க வேண்டும்.

சோதனை ரொம்ப எளிது. கண்ணாடி மாதிரியான ஒரு தட்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். முட்டை நீரை முதல் குழியில் விட்டு, அடுத்தடுத்த குழிகளில் பாதி பாதியாகக் கரைத்துக்கொண்டே போவோம். பிறகு எல்லாக் குழியிலும், கழுவி எடுத்த கோழிச் சிவப்பணுவைச் சொட்டு விடுவோம். வைரஸ் இல்லையென்றால் சிவப்பணுக்கள் சறுக்கிப் போய்க் குழியின் அடியில் சிவப்புப் பொட்டாக உட்காரும். வைரஸ் இருந்தால் அது சிவப்பணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அவை அடிக்குப் போகாமல் குழி முழுக்கப் பாய் விரித்த மாதிரி பரவி நிற்கும். பாய் என்றால் நோய், பொட்டு என்றால் இல்லை. நாற்பது நிமிடத்துக்குள் பார்த்து எழுத வேண்டும் என்று டாக்டர் சுவரில் காகிதம் ஒட்டியிருந்தார். ஏன் நாற்பது நிமிடம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காகப் பன்னிரண்டேகாலிலிருந்து இரண்டே முக்கால் வரை எங்களுக்கு இடைவேளை. அன்றைக்குக் காலையில் கம்பெனி வேலையே சரியாக இருந்தது. டாக்டரும் கூடவே நின்றார். அவர் வெளியே கிளம்பினதும், மணி பன்னிரண்டுக்கு அவசர அவசரமாக அக்காவின் தட்டை வைத்தேன். நோய் உள்ளது என்று தெரிந்த வைரசையும் பக்கத்து வரிசையில் விட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அந்தக் குப்பியைத் திறந்தால் டாக்டருக்குத் தெரிந்துவிடும் என்று அதை விட்டுவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்ச் சாரிக் கோப்பிக் கடையில் அக்கா மடியில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிவு கேட்க வந்தவள், எனக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அரை மணி நேரத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். காவல்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு தொழப் போய்விட்டார், அது ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. கெம்போங் மீன் குழம்பு, சம்பல், ஊர்க்கதை. காவல்காரர் திரும்பி வந்து கதவைத் திறந்ததைக் கண்ணால் பார்த்தும் நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு உள்ளே போனேன். குளிர்சாதனம் அந்த வாரம் கெட்டுப்போயிருந்தது, அறை வெந்துகொண்டிருந்தது. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் குழியிலிருந்து கடைசிக் குழி வரைக்கும் அழகான பொட்டுகள். தட்டைச் சாய்த்தேன், பொட்டுகள் கண்ணீர் மாதிரி வழிந்தன. நோய் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து, "ஒண்ணும் இல்லக்கா. வயித்துக் கோளாறுதான். தண்ணியில கலக்குற மருந்து தர்றேன், கொண்டு போ," என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"எத்தனை தட்டு பாத்திருக்கேன் நான். போக்கா."

மறுநாள் சனிக்கிழமை அக்கா சேவல்களை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டாள். முப்பத்தெட்டு சேவலும் முப்பத்தெட்டு வாசலில், அந்தந்த வீட்டுக் கோழிகளோடு ஒரே தட்டில் சோறு தின்றன, ஒரே சட்டியில் தண்ணீர் குடித்தன.

அடுத்த வியாழக்கிழமை காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போன் வந்தது. தோட்டத்துக் கடையிலிருந்து அக்கா பேசினாள். குரலே அவள் குரலாக இல்லை. லயம் முழுக்கக் கோழி விழுகிறது, நேர்ந்துவிட்ட சேவல் மட்டுமில்லை, வீட்டுக் கோழி, அடைக்கோழி, குஞ்சு என்று ஒன்று பாக்கியில்லை என்றாள். தெரிந்தே சீக்குக் கோழியைச் சாமிக்குத் தள்ளிவிட்டாள் என்று பேச்சாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பூசையில சாமி முன்னாடி கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்றாங்க. சோதிச்சுப் பாத்து, சீக்கு இல்லன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்னு. புள்ள தலையில கை வச்சு," என்றாள். "நீ சொன்னது உறுதிதானே?"

"உறுதிக்கா," என்றேன்.

போனை வைத்தேன். வாய் சொல்லிவிட்டது, நெஞ்சு சொல்லவில்லை. முட்டை நீரில் மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது. டாக்டர் இருந்தால் இருக்கட்டும் என்று, ஒப்பிட வைத்திருந்த வைரஸ் குப்பியையும் எடுத்தேன். இந்த முறை பக்கத்து வரிசையும் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்டின் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது நிமிடத்தில் பாய். முதல் குழி, இரண்டாம் குழி, மூன்றாம் குழி என்று எட்டாவது வரைக்கும் குழி நிறையச் சிவப்புப் பாய். பக்கத்து வரிசையிலும் அதே. அப்படியானால் போன வெள்ளிக்கிழமை நான் பார்த்த பொட்டு என்ன? எழுந்திருக்கவே தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபோது கடைசியில் இருந்த பாய் ஓரத்தில் கலைய ஆரம்பித்தது. பிறகு அதற்கு முந்தினது. சிவப்பணுக்கள் பிடி நழுவி ஒவ்வொரு குழியாக அடியில் போய்ச் சேர்ந்தன. மத்தியானத்துக்குள் எல்லாமே பொட்டு. ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது தட்டு.

டாக்டர் எனக்குப் பின்னால் எப்போது வந்து நின்றாரோ தெரியாது.

"இது ஆற்றை கோழி? ஆர் கொண்டுவந்தது?" என்று கேட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் சொன்னேன். பதியாதது, ஒப்பிடும் வரிசை வைக்காதது, சாப்பிடப் போனது, அக்காவிடம் சொன்னது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"வைரசின்ரை உடம்பு முழுக்க முள்ளு," என்றார். "அதிலை ஒரு வகை முள்ளு ரெண்டு வேலை செய்யும். சிவப்பணுவின்ரை தோலிலை ஒரு சர்க்கரை நீட்டிக்கொண்டு நிக்குது. முள்ளு அதைப் பிடிக்கும். அப்பதான் உமக்குப் பாய் தெரியும். ஆனா அந்த முள்ளே ஒரு என்சைம். பிடிச்ச சர்க்கரையை அதுவே நறுக்கிப்போடும். நறுக்கினா, பிடி விட்டுப் போம்."

"பிடிச்சதை அதுவே ஏன் டாக்டர் நறுக்கணும்?"

"கலத்துக்குள்ள, அதுதான் உயிரணுவுக்குள்ள, போய்ப் பெருகின வைரஸ் வெளியிலை வரவேணுமே. வரேக்கை அதே சர்க்கரையிலை ஒட்டிக்கொண்டு நிண்டா அடுத்த கலத்துக்கு எப்பிடிப் போறது? வெட்டிக்கொண்டுதான் போகவேணும். குளிரிலை வச்சா கத்தி மெல்லமா வேலை செய்யும். இந்த வெக்கையிலை கெதியா வெட்டும்."

"அப்ப நான் பாத்த நேரம்..."

"நீர் பாத்த நேரம் அது வந்திட்டுப் போட்டுது."

அந்த முள்ளின் வடிவத்தைப் பல வருடம் கழித்து ஒரு சஞ்சிகையில் பார்த்தேன். ஒரு காம்பு, அதன் உச்சியில் நான்கு தலைகள், ஒவ்வொரு தலையும் ஆறு இறக்கை வைத்த காற்றாடி மாதிரி. காற்றாடியின் நடுவே ஒரு குழி. சர்க்கரை வந்து உட்காருவதும் அந்தக் குழியில், அறுபடுவதும் அந்தக் குழியில். பிடித்துக்கொள்ள இன்னோர் இடமும் உண்டு என்று பிற்பாடு கண்டுபிடித்தார்களாம். அந்தப் படத்தை அலுவலக மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது படம் இல்லை, அக்காவிடம் போய்ச் சொல்கிற தைரியம்.

"நாளைக்குக் காலமை இலாகாவுக்கு அறிவிப்பன்," என்றார் டாக்டர். "உம்மடை வேலையைப் பற்றிப் பிறகு பாப்பம். முதல்லை உம்மடை அக்காவுக்குப் போய்ச் சொல்லும்."

வெள்ளிக்கிழமை போகவில்லை. சனிக்கிழமையும் போகவில்லை. பயந்தேன், வேறு என்ன சொல்வது. சனிக்கிழமை இலாகாக்காரர்கள் தோட்டத்துக்குப் போய், மிச்சமிருந்த கோழிகளைப் பார்த்து இது கழிச்சல்தான் என்று சொல்லிவிட்டு, செத்ததையெல்லாம் புதைக்கவைத்துவிட்டு வந்தார்கள். அது அக்காவுக்கு இன்னும் வினையாகப் போய்விட்டது. பார்த்த உடனே இலாகாக்காரனுக்குத் தெரிகிறது, கோழியோடு கோழியாகக் கிடக்கிறவளுக்கா தெரியாது என்று லயத்தில் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இறங்கி உள்ளே நடக்க இரண்டு மைல். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்களை வேரோடு தள்ளிப் போட்டிருந்தார்கள், ஒதுங்க நிழல் இல்லை. சத்தியம் முடிந்துவிட்டிருக்குமோ என்று பாதித் தூரம் ஓடினேன். செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன்.

கோயில் என்றால் சிமெண்டு மேடையும் சூலமும் இரண்டு அரிவாளும்தான். பொங்கல் வைக்கிற புகை. ஒரு சேவலின் சத்தம்கூட இல்லை. லயத்து ஆட்கள் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். நடுவே அக்கா, தலையில் ஊற்றின ஈரத்தோடு. முன்னால் அவள் மகள், ஒன்றும் புரியாமல் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தது. செங்கல்லின் மேல் கற்பூரம் எரிந்தது. பக்கத்தில் தோட்டத்துப் பழைய மண்டோர் நின்றார். பால் வெட்டு இருந்த காலத்தில் வேலை வாங்கினவர், இப்போது கோயில் காரியத்துக்கு மட்டும் தலைவர். ஒரு கை பிள்ளையின் தலையில் இருக்க, மறு கையால் நெருப்பை அடித்து அணைத்துச் சொல்ல வேண்டும். சொன்னது பொய்யாக இருந்தால் அந்தத் தலைக்குத்தான் வரும்.

நான் வைரசைப் படித்தவள். கற்பூரம் யாரையும் ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? அக்காவின் கை அந்தச் சின்னத் தலையை நோக்கிப் போனதைப் பார்த்தபோது அதெல்லாம் மறந்துபோனது. சோதித்ததில் நோய் இல்லை என்று அவள் சொல்லப்போகிற வார்த்தை என்னால் பொய்யாகிவிட்டது. அது அவளுக்குத் தெரியாது.

"அக்கா, சொல்லாத," என்றேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தேன். "சோதனை தப்பு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆமா, இப்ப வந்துட்டா அக்காவைக் காப்பாத்த," என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். பதினேழு கோழி பறிகொடுத்தவள், அக்காவுக்கு அடுத்த வீடு.

மண்டோர் கையைக் காட்டி அவளை அடக்கினார். "என்ன தப்பு தாயி? வெளங்குற மாதிரி சொல்லு."

எப்படிச் சொல்வது? இரண்டு கையையும் கோத்துக் காட்டினேன். "சீக்கு இருந்தா இந்த மாதிரி ரத்தத்தைப் புடிச்சுக்கும். கொஞ்ச நேரந்தான். அப்புறம் புடிச்ச கையாலயே வெட்டிட்டு விட்டுடும்." கையைப் பிரித்துக் காட்டினேன். "விட்டதுக்கு அப்புறம் பாத்தா, சீக்கே இல்லாத மாதிரிதான் தெரியும். நான் விட்டதுக்கு அப்புறம் பாத்தேன்."

"அப்ப நேரத்தோட பாக்க வேண்டியதுதானே?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "எங்க போயிருந்தே?"

"சாப்பிடப் போயிருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கூசிப்போய் நான் நின்றதில்லை. அக்காவோடு என்று சொல்லவில்லை, சொன்னால் அவளையும் இழுத்துவிட்டதாக ஆகும். அடுத்த வீட்டுக்காரி திரும்ப வாயெடுத்தாள். மண்டோர் முந்திக்கொண்டார்.

"படிச்ச புள்ள. இத்தன பேரு முன்னாடி வந்து என் தப்புன்னு சொல்லுது. இதுக்கு மேல என்ன வேணும் ஒங்களுக்கு? யானைக்கும் அடி சறுக்கும். சத்தியம் வேணாம்." அக்காவைப் பார்த்து, "புள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ தாயி," என்றார்.

கூட்டம் தளர்ந்தது. ஒருத்தர் பொங்கல் பானைப் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அக்கா மட்டும் நகரவில்லை. பிள்ளையை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டு, கற்பூரத்துக்கு நேராக நின்றாள்.

"சேவல் குடுத்த சனிக்கிழமை விடியக்காலையில கூண்டைத் தொறந்தேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "ஒரு பொட்டைக்கோழி கழுத்து திருகிக் கெடந்துச்சு. எத்தன வருசமா கோழி வளக்குறேன், எனக்குத் தெரியாதா. தங்கச்சிதான் இல்லன்னு சொல்லிட்டாளேன்னு அதைக் கொண்டு போய்ப் பொதச்சேன். பொதச்சிட்டு வந்துதான் ஒங்க வீட்டுக்கெல்லாம் சேவலைக் குடுத்தேன்."

அப்புறம் உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள்.

அடுத்த வீட்டுக்காரி தரையில் துப்பிவிட்டுப் போனாள். மண்டோர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பிவிட்டார். அந்த வருடம் சாமிக்குப் பொங்கல் மட்டும்தான். அதற்குப் பிறகு அந்த லயத்தில் அக்காவிடம் யாரும் ஒரு முட்டைகூட வாங்கவில்லை. வருடம் முடிவதற்குள் அக்கா குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்துகொண்டு தைப்பிங்குக்குப் போனாள். என்னை டாக்டர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆறு மாதம் தட்டைத் தொடவிடாமல், போத்தல் கழுவ வைத்தார்.

அன்றைக்கு என்னைப் பஸ் ஏற்றிவிட அக்கா கூடவே நடந்து வந்தாள். பிள்ளை அவள் இடுப்பில் தூங்கிவிட்டது. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது.

"ஒனக்குப் புத்தி இருக்காக்கா? எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு. நான்தான் தப்புன்னு சொல்லிட்டேன், அவங்களும் நம்பிட்டாங்க. நீ எதுக்கு வாயைத் தொறந்தே?"

அக்கா பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் உள்ளங்கை கருத்துக் கொப்புளித்திருந்தது.

"நீ ஒன்னோடதைச் சொல்லிட்டே," என்றாள். "என்னோடதை யாரு சொல்றது?"